கரிக்குழாயும் கல்பட்டறையும்

எங்கள் வீட்டில் வெட்டுவதில் கைதேர்ந்தவர்கள் இருவர். வெட்டுவது என்றதும் வாசக நண்பர்கள் அரிவாளை நினைத்து அஞ்ச வேண்டாம். ஒருவர் என் தாத்தா. பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தோர் ஆண்டுகள் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இரும்பை வெட்டியவர். மற்றவர் என் அம்மா. திருச்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு காலத்தில் குடிசைத் தொழிலாகச் செழித்திருந்த செயற்கைக் கல் வேலையில், திருமணத்திற்கு முன்னும் பின்னுமாகப் பதினெட்டு ஆண்டுகளைக் கழித்தவர்; மூக்குத்திக்கும் தோட்டுக்கும் போகிற கற்களுக்குப் பட்டை தீட்டியவர். இவ்விருவருக்கும் பிறகு எங்கள் வீட்டில் வெட்ட வந்தவன் நான். நான் வெட்டியது இரும்பும் அன்று, கல்லும் அன்று. ஒரு சைக்கிளின் கரிக்குழாய்!

எங்கள் வீடு இருப்பது எடமலைப்பட்டி புதூரில். மதுரைச் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், முன்புறம் தகரக் கொட்டகை போட்ட வீடு. 2025-ஆம் ஆண்டில் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறந்த பிறகு எங்கள் பகுதி வழியே போகும் பேருந்துகள் பெருகிவிட்டன. காலையில் சைக்கிளில் கல்லூரிக்குப் புறப்படுகிறவன் பின்னால் வரும் ஹாரனுக்கும் முன்னால் இருக்கும் பள்ளத்திற்கும் நடுவே வழி கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு நாள் ஹாரனுக்குப் பயந்து பள்ளத்தில் விழுந்தேன். எனக்கு முழங்கை சிராய்த்தது. சைக்கிளுக்கு முன் போர்க்கு வளைந்தது.

அந்தச் சைக்கிள் சாதாரணச் சைக்கிள் அன்று, பந்தயச் சைக்கிள். பெங்களூரில் ஒருவர் ஓட்டி அலுத்து விற்றதை, இரண்டு கோடை விடுமுறைகளில் பந்தி பரிமாறிய கூலியைச் சேர்த்து வாங்கினேன். பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. வளைந்த இரும்புப் போர்க்கைத் தட்டி நிமிர்த்தலாம் என்றார் தாத்தா. ஒருமுறை வளைந்ததை நிமிர்த்தினால் அதே இடத்தில் மறுபடி வளையும் என்றும் அவரே சொன்னார். ஆகவே ஏழாயிரம் ரூபாய் கொடுத்துக் கரியிழைப் போர்க்கு ஒன்றை வரவழைத்தேன். கார்பன் பைபர் என்று கடைக்காரர்கள் சொல்வதைத்தான் கரியிழை என்கிறேன். ஏழாயிரத்தில் நாலாயிரம் என்னுடையது. மூவாயிரம் அம்மாவின் சீட்டுப் பணம். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் நான் அதைச் சிறிது நேரம் மறந்துபோனேன்.

பெட்டியைப் பிரித்ததும் தாத்தா அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். இறக்கி வைத்தார். மறுபடி தூக்கினார். "ஏண்டா, உள்ள ஒண்ணுமே இல்லையே?" என்றார். தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். பழைய இரும்புப் போர்க்கு ஒரு கிலோவுக்கு மேல். புதியது 430 கிராம். மளிகைக் கடை அண்ணாச்சி, "பிளாஸ்டிக்கா தம்பி?" என்று கேட்டார். தாத்தாவும் மனத்திற்குள் அப்படியே முடிவு செய்துகொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த இடத்தில், அதை ஏன் வெட்ட வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். நம் அப்பாக்கள் ஓட்டிய சைக்கிளில் போர்க்கின் கழுத்துக்குழாய்க்கு மேலே மரை இருக்கும். ஹேண்டில்பாரின் தண்டு அந்தக் குழாய்க்குள் இறங்கும். உயரம் வேண்டுமானால் போல்ட்டைத் தளர்த்தித் தண்டை மேலே இழுத்துக்கொள்ளலாம், வேண்டாவிட்டால் இறக்கிக்கொள்ளலாம். தப்புச் செய்தாலும் திருத்திக்கொள்ள இடமுண்டு. புதிய முறையில் மரை கிடையாது. ஹேண்டில்பாரைத் தாங்கும் பிடி குழாயின் வெளிப்புறத்தைக் கவ்விக்கொள்கிறது. எந்தச் சைக்கிளுக்கு எவ்வளவு உயரம் என்பது தொழிற்சாலைக்குத் தெரியாதாகையால் குழாயை நீளமாகவே விட்டு அனுப்புகிறார்கள். எனக்கு வந்தது 300 மில்லிமீட்டர். எனக்கு வேண்டியது 214. குறைத்து வெட்டினால் போர்க்கே வீண், நீட்ட முடியாது. தையற்கடையில் துணியைத் தவறி வெட்டினாலாவது தம்பிக்குச் சட்டையாகும்!

நான் விசாரித்த ஒரு கடையில், "கொண்டா, கட்டிங் வீலில் ஒரு நிமிஷம்" என்றார்கள். அந்தச் சக்கரத்திலிருந்து தீப்பொறி பறப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றவன் போர்க்கை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். கரியிழை என்பது இழையும் பிசினும் சேர்ந்தது. நெருப்பு இழையை ஒன்றும் செய்யாவிட்டாலும், சூட்டில் பிசின் இளகிவிடும். பிசின் போனால் இழைகள் வெறும் நூல்கண்டுதான்.

இந்த இழையின் வரலாறு சுவையானது. எடிசன் 1880-ஆம் ஆண்டில் மூங்கில் நாரைக் காற்றில்லாமல் கருக்கித் தம் மின்விளக்குக்கு இழையாக்கினார். அதுவும் கரியிழையே, ஆனால் வலுவற்றது. வலுவான இழையை 1958-இல் அமெரிக்காவில் ரோஜர் பேக்கன் என்பவர் ஆய்வுக்கூடத்தில் கண்டார். ஜப்பானில் அகியோ ஷிண்டோ, கம்பளி போல நூற்கப்படும் அக்ரிலிக் வகை இழையிலிருந்து அதைச் செய்யும் வழியைக் காட்டினார். இன்று சைக்கிளுக்கும் விமானத்திற்கும் போகும் இழை பெரும்பாலும் அந்த வழியில் வந்ததே. 1986-இல் அமெரிக்கரான கிரெக் லெமாண்ட், பிரான்சு நாட்டைச் சுற்றும் புகழ்பெற்ற பந்தயத்தைக் கரியிழைச் சட்டமுள்ள சைக்கிளில் வென்றார்.

நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1954-இல் இயற்பியல் பட்டம் பெற்ற மாணவர் ஒருவர், பிற்காலத்தில் தும்பாவில் இழையும் பிசினும் சேர்ந்த இத்தகைய கூட்டுப்பொருள்களுக்கான பிரிவை உருவாக்குவதில் ஈடுபட்டார். அவர்தாம் அப்துல் கலாம். அக்னி ஏவுகணைக்குப் பிறகு ஐதராபாத்தில் ஓர் எலும்பு மருத்துவர் அவருடைய ஆய்வுக்கூடத்திற்கு வந்து அந்த எடையற்ற பொருளைத் தூக்கிப் பார்த்தாராம். எங்கள் தாத்தா தூக்கிப் பார்த்ததைப் போலவே! பிறகு, கால் சூம்பிய குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட உலோகக் காலணியை இழுத்துக்கொண்டு நடப்பதைக் காட்டினாராம். சில வாரங்களில் 300 கிராமில் அதற்கு மாற்று செய்து கொடுத்ததை, தமக்குப் பேரின்பம் தந்த செயல்களில் ஒன்றாகக் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். இயற்பியல் படிக்கும் எனக்கு இதையெல்லாம் படித்து வைத்திருப்பதில் பெருமை. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அடுத்த வாரமே கண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தாத்தா உறங்கிக்கொண்டிருந்தார். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். கொட்டகையில் தாத்தாவின் வைஸ் இருக்கிறது. மேலே ஆக்சா பிளேடு மாட்டிய சட்டம் தொங்குகிறது. யாரையும் கேட்காமல் முடித்துவிட்டு மாலையில் காட்டி வியக்க வைப்போம் என்று எண்ணினேன். பயமும் இருந்ததால் 214-இல் வெட்டாமல், முதலில் 240-இல் வெட்டிப் பார்ப்போம் என்று 26 மில்லிமீட்டர் விட்டுவைத்தேன். அந்தப் பயத்திற்கு இன்றுவரை நன்றி சொல்கிறேன்.

குழாயைத் துணி சுற்றி வைஸில் பிடித்தேன். இழுத்தேன். முதலில் வெண்ணெயில் கத்தி போனதுபோல் போயிற்று. பாதிக்கு மேல் "கர்ர்" என்று ஓசை மாறியது. கடைசியில், வெட்டுண்ட துண்டு தன் எடையால் கீழே சாயும்போது, முருங்கைக் கிளை முறிகையில் பட்டை உரிந்துகொண்டு வருமே, அதுபோல ஒரு கீற்று குழாயோடு சேர்ந்து கிழிந்து இறங்கியது. கறுப்பான மெல்லிய சிராய்கள் நின்றன. அதை விரலால் தடவிப் பார்த்த அறிவாளியும் நானே. சிராய் உள்ளே போய்விட்டது. மரச் சிராய் என்றால் கண்ணுக்குத் தெரியும், ஊசியால் எடுக்கலாம். இது முடியைவிட மெல்லியது. மூன்று நாள் உறுத்திற்று.

விரல் போகட்டும். கிழிசல் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது? அதுதான் கேள்வி. கண்ணுக்குத் தெரிந்தது ஒன்பது மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இன்னும் எத்தனை? 26-ஐத் தாண்டியிருந்தால் ஏழாயிரமும் போயிற்று. தாண்டியதை அறியாமல் மாட்டி ஓட்டினால் போவது பணம் மட்டும் அன்று. 2006-இல் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் ஜார்ஜ் ஹின்காப்பி என்ற வீரருக்கு இதே கழுத்துக்குழாய் முறிந்தது. கருங்கல் பாவிய பாதையில் வேகமாகப் போகையில் ஹேண்டில்பார் மட்டும் கையோடு வந்தது. ஆள் விழுந்து தோள் கழன்றது. இத்தனைக்கும் அவருடைய குழாய் அலுமினியம். எதனால் செய்தது என்பதைவிட, முன்பே அடிபட்டதா என்பதே முக்கியம் போலும். மதுரைச் சாலையில் பேருந்துக்கு முன்னால் எனக்கு அப்படி நேர்ந்தால்?

அன்றிரவு வீட்டில் சொல்லவில்லை. மறுநாள் போர்க்கைப் பையில் சுற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். எங்கள் ஆய்வகப் பேராசிரியர் முழுக் கதையையும் கேட்டார். திட்டவில்லை. பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக் குழாயைச் சுற்றிலும் மெல்லத் தட்டினார். அடியில் தட்டியபோது "டிக்" என்றது. கிழிந்த இடத்தருகே "டப்" என்றது. பானை வாங்கும் பாட்டிகள் அறிந்த சோதனைதான்! அடுக்கு பிரிந்திருந்தால் ஓசை மழுங்கும். "காது போதாது, கண்ணும் வேண்டும்" என்று சொல்லி நகரும் நுண்ணோக்கியை எடுத்து வைத்தார். இரண்டாண்டுகளாக நுண்புழைக் குழாயின் ஆரம் காணவே நான் பயன்படுத்திய கருவி அது. குறுக்குக் கம்பியைக் கிழிசலின் முனையில் பொருத்தி அளவெடுத்தபோது என் கை நடுங்கியது. எந்தத் தேர்விலும் அவ்வளவு கவனமாக நான் வெர்னியர் பார்த்ததில்லை. 11.4 மில்லிமீட்டர். மூன்று முறை எடுத்தும் அதேதான். அதற்குக் கீழே சுற்றிலும் தேடினேன். பிளவு ஏதும் தென்படவில்லை. கோட்டுக்கும் கிழிசலுக்கும் நடுவே 14 மில்லிமீட்டருக்கு மேல் நல்ல குழாய் மீந்திருந்தது.

குழாயின் சுவரையும் அளந்தோம்: ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். அந்த 3 மில்லிமீட்டருக்குள் ஓர் இழையின் தடிமன் சுமார் 7 மைக்ரான். தலைமுடி ஒன்றின் அகலத்தில் ஏறத்தாழப் பத்து இழைகள் படுத்துக்கொள்ளலாம். இழை நெடுக இழுத்தால் எஃகோடு போட்டி போடும். அடர்த்தியோ எஃகிற்கு 7.8 என்றால் இதற்கு 1.6. ஆனால் அடுக்குக்கு அடுக்கு பிடித்து நிற்பது பிசின் மட்டுமே. அடுக்கைப் பிரிக்கிற மாதிரி இழுத்தால் வெங்காயச் சருகுதான். ரோல்ஸ்ராய்ஸ் நிறுவனம் ஒரு விமான எஞ்சினுக்குக் கரியிழையில் விசிறி இதழ்கள் செய்து பார்த்தது. பறவை மோதினால் தாங்குமா என்று கோழியை எறிந்து சோதித்தபோது அவை சிதறின, டைட்டானியத்துக்கு மாறினார்கள். அந்த எஞ்சினுக்கு ஆன செலவு 1971-இல் நிறுவனமே நொடித்துப்போனதற்கு ஒரு பெருங்காரணம். பேராசிரியர் இதைச் சொல்லிவிட்டு, "உனக்கு ஏழாயிரத்தோடு போயிற்று; அதுவும் போகவில்லை" என்றார்.

வீட்டுக்கு வந்து உண்மையைச் சொன்னேன். தாத்தா போர்க்கைப் பார்க்கவில்லை. பிளேடைக் கழற்றிப் பார்த்தார். "இது பதினெட்டுப் பல்லுடா," என்றார். "அங்குலத்துக்குப் பதினெட்டு. இத வச்சு மூணு மில்லி தகட்ட அறுத்தா எத்தன பல்லுடா நிக்கும்?" கணக்குப் போட்டேன். பல்லுக்குப் பல் 1.4 மில்லிமீட்டர், ஆக, இரண்டு. "எப்பவும் மூணு பல்லாவது சுவத்துமேல நிக்கணும். இல்லேன்னா பல்லு மாட்டிக் கிழிக்கும். பொன்மலையில சேந்த முதல் வாரமே இதுதான் பாடம்." பிறகு சற்றுத் தணிந்து, "நானா இருந்தாலும் இத பிளாஸ்டிக்குன்னு நெனச்சு இதே பிளேடத்தான் போட்டிருப்பேன்" என்றார். தாத்தா தம் தவறை ஒப்புக்கொண்டதை நான் கண்டது அன்று ஒருநாள்தான். அதுவும் செய்யாத தவறு!

சீட்டுப் பணத்தைப் பற்றி அம்மா ஒன்றும் கேட்கவில்லை. வைஸுக்குக் கீழே நான் பெருக்காமல் விட்டிருந்த கறுப்புத் தூளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈரத் துணியை எடுத்துவந்து ஒற்றி ஒற்றி எடுத்தார்.

"இது மூக்குக்குள்ள போச்சா உனக்கு?"

"கொஞ்சம் தும்மல் வந்தது."

"மாமா, இந்தத் தூளப் பாருங்க. எப்படிக் கறுப்பாத் தெரியுது! கல்லுத்தூளு வெள்ளையா இருந்துச்சு. மாவு மாதிரிதானேன்னு நாங்க பதினெட்டு வருஷம் மூச்சு விட்டோம்."

அம்மாவின் கல் வேலையை நான் சிறுவனாக இருந்தபோது கொஞ்சம் பார்த்திருக்கிறேன். குச்சி நுனியில் அரக்கை உருக்கிக் கல்லை ஒட்டி, மோட்டாரில் சுழலும் தட்டில் சாய்வாகப் பிடிப்பார். கடுகளவு கல்லில் பட்டைமேல் பட்டையாக விழும். கோணம் தவறினால் கல் வீண், கூலி பிடிபடும். வெளிநாட்டிலிருந்து இயந்திரத்தில் தீட்டிய கற்கள் மலிவாக வந்து குவிந்த பிறகு, 2000-ஐ அடுத்த ஆண்டுகளில் பட்டறைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. எங்கள் வீட்டுத் தட்டும் பழைய இரும்புக்குப் போயிற்று. ஐப்பசி பிறந்தால் அம்மாவுக்கு இருமல் வரும். டாக்டர் தூசி என்பார். அம்மா பனி என்பார். பனி இல்லை என்பது அம்மாவுக்கும் தெரியும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

அந்த ஞாயிறு இரண்டாம் முறை வெட்டினோம். இம்முறை அம்மாவின் சட்டப்படி. கொரோனாக் காலத்தில் வாங்கி மீந்திருந்த என்-95 முகக்கவசங்களை மூவரும் அணிந்தோம். கண்ணுக்குத் தாத்தாவின் பழைய வெல்டிங் கண்ணாடி போதாதென்று ஆய்வகக் கண்ணாடியை இரவல் வாங்கினேன். கீழே நனைத்த செய்தித்தாள். மின்விசிறியை நிறுத்தினோம். கரித்தூள் மின்சாரம் கடத்தும் என்று நான் சொன்னதும், வைஸுக்கு மேலே இருந்த பிளக் பெட்டிக்குத் தாத்தா பாலிதீன் பை கட்டினார். என் இயற்பியல் அன்று பயன்பட்டது அந்த ஓரிடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

தாத்தா இரண்டு நாளாக ஒரு வேப்பங்கட்டையோடு போராடிக்கொண்டிருந்தார். அதில் குழாயின் அளவுக்குத் துளையிட்டு, கட்டையை நடுவே இரண்டாகப் பிளந்து, வைஸின் இரு தாடைகளுக்கும் மரக் கன்னம் செய்திருந்தார். இரும்புத் தாடை நேரே கடித்தால் குழாய் நசுங்கும். கோட்டைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் மறுபடி கோடு போட்டேன். கோடு நேராக வர, பழைய ஹேண்டில்பார் பிடி ஒன்றைக் குழாயில் ஏற்றி அதன் விளிம்பைச் சட்டமாக வைத்துக்கொண்டோம். பிளேடு முப்பத்திரண்டு பல். காந்தி மார்க்கெட் பக்கம் போய்த் தாத்தாவே வாங்கி வந்தது. அளவை நான் ஒருமுறையும் தாத்தா ஒருமுறையும் எடுத்தோம். ஒத்துப்போகும்வரை யாரும் பிளேடைத் தொடவில்லை.

அறுத்தவன் நான். தாத்தா சட்டத்தின் மறுமுனையில் ஒரு விரலை மட்டும் வைத்து, "அழுத்தாத, இழுக்காத, தள்ளு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா சொம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். தூள் பறக்கவில்லை; மைபோல் கறுத்து வழிந்தது. முக்கால் பங்கு போனதும் அம்மா, "போதும், திருப்பு" என்றார். ஏன் என்று கேட்டேன். "கடைசிப் பக்கத்துலதாண்டா எதுவும் சில்லு விடும். கல்லும் அப்படித்தான்." குழாயைத் திருப்பி எதிர்ப்புறத்திலிருந்து வந்தோம். வெட்டுண்ட வளையத்தை அம்மா கீழே சாயவிடாமல் ஈரத் துணியோடு பிடித்துக்கொண்டார். ஓசையே இல்லாமல் அவர் கைக்கு வந்தது.

விளிம்பை ஈர உப்புத்தாளால் வெளியிலிருந்து உள்நோக்கித் தேய்த்தேன். காய்ந்த பிறகு அரால்டைட்டை மெல்லப் பூசினேன். திறந்து கிடக்கும் இழை முனைகளுக்கு அது மூடி. இரும்புக் குழாய் என்றால் உள்ளே நட்சத்திரம் போன்ற பல் நட்டைச் சுத்தியால் அடித்து இறக்குவார்கள். கரிக்குழாயில் அது கூடாது. உள்ளே விரிந்து தாங்கும் அடைப்பானைத்தான் வைக்க வேண்டும். பிடியின் போல்ட்டுகளை முடுக்கும்போது தாத்தாவுக்கும் எனக்கும் மறுபடி பேச்சு முற்றியது. பிடியில் பொறித்திருந்தது 5 நியூட்டன் மீட்டர். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் சுமார் ஐந்து கிலோ எடை தொங்கினால் எவ்வளவோ அவ்வளவு. தாத்தாவின் கையோ ரயில் பெட்டிக்குப் பழகிய கை. அளவு காட்டும் ஸ்பானரை நண்பனிடம் இரவல் வாங்கி நானே முடுக்கினேன். "இவ்வளவு தளர்வாவா?" என்று இரண்டு நாள் புலம்பினார்.

அந்த மைத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது என்று அம்மா தடுத்துவிட்டார். செய்தித்தாளோடு சுருட்டிப் பையில் கட்டினோம். அன்று உடுத்தியிருந்த துணிகளைத் தனியாக அலசினார். இரவு படுக்கும்போது, "பட்டறையில அன்னிக்கு ஒருத்தராவது ஒரு துணியக் கட்டிக்கங்கடின்னு சொல்லியிருக்கலாம்" என்றார். தாத்தா விழித்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது ஐந்து மாதங்களாகிவிட்டன. சைக்கிள் ஓடுகிறது. அணித் தேர்வில் நான் ஏழாவதாக வந்தேன். ஐந்து பேரைத்தான் எடுத்தார்கள். அதற்குப் போர்க்கைக் குறை சொல்ல முடியாது. ஞாயிறுதோறும் தாத்தா ஒரு ரூபாய் நாணயத்தோடு கொட்டகைக்கு வருகிறார். குழாயின் வெளியே தெரியும் சிறிதளவில் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்கிறார். கிழிசல் விட்ட வளையம் அம்மாவின் தையல் பெட்டியில் இருக்கிறது. முதலில் வெட்டிய ஆறு சென்டிமீட்டர்த் துண்டைப் பேராசிரியர் கேட்டு வாங்கி ஆய்வகத்தில் வைத்திருக்கிறார். முதலாண்டு மாணவர்கள் வெர்னியர் அளவியால் அதன் வெளிவிட்டத்தைக் காண்கிறார்கள். 28.6 மில்லிமீட்டர் வர வேண்டும். சென்ற வாரம் நான் அளந்தபோது 28.4 வந்தது, சுழிப்பிழையைக் கழிக்க மறந்துவிட்டேன்.